ஷீட்டில் நான் ஏற்றிய அந்த ஒரு வரி

அம்மா,

நேற்று நவம்பர் 8. உனக்குத் தேதி நினைவிருக்காது, அந்தச் செவ்வாய்க்கிழமை நினைவிருக்கும். ஒன்பது வருடம் ஆகிவிட்டது.

நேற்று ராத்திரி வீட்டுக் கணக்கு ஷீட்டை மூடிவிட்டேன். 2014-ல் முதல் சம்பளம் வந்த வாரம் தொடங்கியது. தம்பி "லிங்க் திறக்க மாட்டேங்குது" என்று வந்து நின்றால், அக்கா மூடிவிட்டாள் என்று சொல். ஏன் என்று கேட்டால் தெரியாது என்று சொல். உனக்கு அது நன்றாக வரும்.

பார், மன்னிப்புக் கேட்க உட்கார்ந்து முதல் பத்தியிலேயே குத்திவிட்டேன்.

தொடங்கியபோது நல்ல எண்ணம்தான். வரவில் பாதி தேவைக்கு, 30 சதவீதம் விருப்பத்துக்கு, 20 சதவீதம் சேமிப்புக்கு. எலிசபெத் வாரன் என்ற அமெரிக்க அம்மாள் தன் மகளோடு சேர்ந்து 2005-ல் எழுதிப் பரப்பிய கணக்கு. அம்மாவும் மகளும் போட்ட கணக்கு என்று படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம், நாமும் அப்படி உட்காரப் போகிறோம் என்று. பள்ளிபாளையத்தில் தறிக்கூலி சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை வருவதும், கரன்ட் நின்றாலோ நூல் விலை ஏறினாலோ அதுவும் சுருங்கிப்போவதும், அங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த நேரத்தில் எப்படி மறந்ததோ. மாதத்துக்கு ஒரு கட்டம் போட்டு உன் முன்னால் வைத்தேன். கரன்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, குழுத் தவணை வியாழன்தோறும். மொய்க்குக் கட்டமே வைக்கவில்லை. ஆடி முழுக்க ஒன்றும் இருக்காது, ஆவணி பிறந்தால் ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று பத்திரிகை வரும். "மொய் செலவா, கடனாம்மா?" என்று கேட்டேன். நீ மொய் நோட்டைப் புரட்டி, என் சீருக்கு அவர்கள் 101 வைத்திருக்கிறார்கள், இப்போது 501-ஆவது வைக்காமல் எப்படிப் போய் நிற்பது என்றாய். எனக்கு வேறு வழி தெரியவில்லை. 'விருப்பம்' என்ற கட்டத்தில் போட்டேன்.

"விருப்பம்னா இதுல என்ன கண்ணு எழுதறது?" என்று கேட்டுவிட்டு, நீ அதற்குக் கீழே ஞாயிற்றுக்கிழமைக் கறியை எழுதினாய். அரைக் கிலோ.

அப்புறம் அந்த எண்ணெய். கடை ரசீதில் 118, உன் நோட்டில் 140. சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டேன். நீ ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து ரசீது வருவது நின்றுபோனது. 22 ரூபாயைப் பிடித்துவிட்ட பெருமையில் நான் ஆபீசில் ரெண்டு பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அதை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

2016-ல் அந்தச் செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரை இருக்கும், நீ போன் செய்தாய். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினாய், வாளியில் தண்ணீர் விழும் சத்தம் எனக்குக் கேட்டது.

"ஆயிரம் ரூவா செல்லாதுங்கறாங்களே, நெசமா கண்ணு?"

"ஆமாம்மா, டிவியில சொல்லிட்டாங்க."

"ஐநூறுமா?"

"ஐநூறும்தான். உன்கிட்ட எத்தனை இருக்கு?"

கொஞ்ச நேரம் தண்ணீர் மட்டும் விழுந்தது.

"கொஞ்சம் இருக்கு."

நான் ஐந்தாயிரம், ஆறாயிரம் என்று நினைத்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமை ராத்திரி கோயம்புத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்தேன். மறுநாள் இரண்டாம் சனி, ஆனாலும் வங்கி திறந்திருந்தது. ரேஷன் கடைக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம், கையில் சர்க்கரைக்கான பையோடு. அந்தப் பையில்தான் இருந்தது. வீட்டில் எங்கே வைத்திருந்தாய் என்பதை இங்கே எழுதமாட்டேன். அந்த இடம் இன்னும் உபயோகப்படலாம்.

வரிசை தெருமுனை தாண்டி நின்றது. ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, உன் சேலைத் தலைப்புக்குள் வைத்து எண்ணினோம். ஆயிரம் 31, ஐநூறு 35. மொத்தம் 48,500. ஐநூறுகள் நான்காக மடிந்து, மடிப்பில் வெளுத்து, விரித்தாலும் தானாகச் சுருண்டுகொண்டன. நோட்டின் பின்பக்கம் அடியில் அச்சான வருடம் போட்டிருக்கும் இல்லையா, நான் அதைப் பார்க்க ஆரம்பித்தேன். 2009. 2010. 2011.

உனக்கு 2012 நினைவிருக்கிறதா? காலேஜில் பெங்களூருக்கு ஐ.வி. என்று கம்பெனி பார்க்கக் கூட்டிப்போனார்கள், 3,200 ரூபாய். "கையில் பைசா இல்லை கண்ணு" என்றாய். வகுப்பு முழுக்கப் போனது, நான் காய்ச்சல் என்று சொல்லி ஹாஸ்டலில் படுத்துக்கொண்டேன். நோட்டு அச்சான வருடம் அது உன் கைக்கு வந்த வருடம் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் அந்தத் திண்ணையில் என் மனசில் ஓடியது அதுதான். உன் கை நடுங்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், பார்த்துக்கொண்டே வட்டிக் கணக்குப் பேசினேன். "வங்கியில போட்டிருந்தா நாலு சதவீதமாவது வந்திருக்கும். இப்படிச் சுருட்டி வெச்சு என்ன ஆச்சு பார்." பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டி என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் மடியிலும் ஒரு மஞ்சள் பை.

நீ மாற்றிக்கொள்ளத்தான் ஆசைப்பட்டாய். ஓர் ஆளுக்கு 4,000 வரை மாற்றித் தந்தார்கள். நாளைக்குக் கொஞ்சம், அடுத்த வாரம் கொஞ்சம், சித்தியை விட்டுக் கொஞ்சம் என்று நீ கணக்குப் போட்டு வைத்திருந்தாய். கையில் வந்தது கையிலேயே இருக்கும் என்ற கணக்கு. நான்தான் விடவில்லை. ஒரே தடவையில் உன் கணக்கில் போட்டுவிடலாம், 50,000-க்குக் கீழேதான் இருக்கிறது, பான் கார்டுகூடக் கேட்க மாட்டார்கள் என்று படிவத்தை நானே நிரப்பினேன். நீ கையெழுத்துப் போட்டாய். இன்றுவரை அது சரியான முடிவு என்றுதான் சொல்வேன். அதற்கு அடுத்த வாரமே மாற்றும் வரம்பு 2,000 ஆனது, 24-ஆம் தேதியோடு மாற்றுவதே நின்றது. உன் வழியில் போயிருந்தால் அலைச்சல்தான், அதற்குள் நாலு பேருக்குத் தெரிந்தும் இருக்கும்.

ஆனால் தெரிந்தது உன் வழியில் போயா?

அன்று சாயங்காலம் பழக்கதோஷத்தில் ஷீட்டைத் திறந்து 'அம்மா சேமிப்பு: 48,500' என்று ஏற்றினேன். ஷீட் நாலு பேருக்கும் பொது. தம்பி மொட்டைமாடியில் போனை வைத்துக்கொண்டிருந்தான், அவன் படியிறங்கி வந்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. அப்பா உன்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதப்போவதில்லை, பெரியப்பா வீட்டில் எல்லோரும் இதைப் படிக்கிறார்கள். அப்பாவின் சனிக்கிழமைகளைப் பற்றியும் எழுதமாட்டேன். அவர் கேட்டதற்கு நீ "பாப்பா கல்யாணத்துக்கு" என்றாய். அது உண்மையா, அந்த நேரத்துக்கு வாயில் வந்ததா? என் கல்யாணத்தில்கூட நான் அதைக் கேட்கவில்லை. அதற்குள் பாஸ்புக்கில் 1,200 ரூபாய்தான் இருந்தது. மீதி எங்கே போனது என்பது பைக்கில் பெட்ரோல் போட்டுக்கொண்டே இதைப் படிப்பவனுக்குத் தெரியும்.

நான் வேண்டுமென்றே செய்யவில்லை அம்மா. கணக்கு என்றால் முழுக்கணக்கு, ஒளிவுமறைவு கூடாது என்று நம்பினேன். யாருக்கு ஒளிக்க இடம் தேவைப்படுகிறது என்று யோசிக்கவில்லை. 23 வயது. இதைச் சாக்காகச் சொல்கிறேன் என்று நீ நினைத்தால், ஆமாம், சாக்குத்தான்.

இப்போது ஏன் என்று கேட்பாய். போன மாதம் என் வீட்டில் செலவுக் கணக்கு பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லாம் ஜிபேயில்தான், பூ வாங்கினாலும் மெசேஜ் வந்துவிடுகிறது, 118-ஐ 140 என்று எழுத முடியாது. "இந்த 740 என்ன?" என்று உன் மாப்பிள்ளை கேட்டார். கோபமாக இல்லை, சும்மா கேட்டார். அவர் நல்லவர், இதைப் படிப்பார், படித்தாலும் நல்லவர்தான். நான் யோசிக்காமல் "காய்கறி" என்றேன். காய்கறி இல்லை. பெரிய ரகசியம் எதுவும் இல்லை, ஆனால் என்னவென்று சொல்லப் பிடிக்கவில்லை. சொன்ன பிறகு தொண்டைக்குள் ஏதோ அடைத்தது. அந்தப் பொய்யின் ருசி எனக்குத் தெரிந்ததாக இருந்தது. உன் குரலில் கேட்ட பொய்.

இன்னொன்றும் இருக்கிறது, இது உனக்குத் தெரியாது. 2023 செப்டம்பரில் அரசு தரும் மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் உன் கணக்கில் வர ஆரம்பித்தது. எவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாய், "என் பேர்லயே வந்திருக்கு கண்ணு" என்று. அதை நான் ஷீட்டில் வரவாக ஏற்றினேன். அடுத்த மாதத்திலிருந்து நான் அனுப்புவதில் ஆயிரத்தைக் குறைத்தேன். எங்களுக்கு வீட்டுக்கடன் தொடங்கிய சமயம். விலைவாசி என்று ஏதோ சொன்னேன், நீயும் சரி என்றாய். எல்லாவற்றுக்கும் சரி என்கிறாய், அதுவும் எனக்கு எரிச்சல்தான். ஒரு தடவையாவது "ஏன்டி குறைச்சே?" என்று கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அன்றைக்கே முடிந்திருக்கும்.

இதையும் எழுதி ஊருக்குக் காட்டுகிறாள் பார் என்று நீ நினைப்பாய். அன்றைக்கு ஷீட்டில் ஏற்றியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். நீ "சாப்பிட்டியா" என்று கேட்கிறாய், நான் "ம்" என்கிறேன், முடிந்துவிடுகிறது.

பொங்கலுக்கு வருகிறேன். குறைத்ததை எல்லாம் சேர்த்துக் கையில் தருகிறேன், கணக்கில் போடமாட்டேன். எவ்வளவு என்று இங்கே சொல்லமாட்டேன், நீயும் யாரிடமும் சொல்லாதே. அந்த நவம்பருக்கு அப்புறம் ஐநூறு ரூபாய் நோட்டென்றாலே உனக்கு ஆகாது என்று சித்தி சொன்னாள். நூறு நூறாகவே மாற்றிக்கொண்டு வருகிறேன். பை கனமாக இருக்கும், ரேஷன் பையையே எடுத்து வை.