தட்டோடு பதிக்கும் முன்னே

அன்புள்ள சுந்தரத்துக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்குக் கால்வலி தேவலை. பதில் போடாமல் இருந்ததற்குத் திட்டலை நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

உறையூர் வீட்டுக்கு மாடிக் காங்கிரீட் போட்டுத் தண்ணீர் கட்டியிருப்பதாக மாணிக்கம் சொன்னான். சந்தோஷம். கூடவே, வெக்கைக்கு உள்ளே தெர்மகோல் வைத்து பால்ஸ் சீலிங், இரண்டு டன் ஏசி என்றும் சொன்னான். வேண்டாம்டா. அந்தக் காசை ஸ்லாப்புக்கு மேலே போடு.

சித்திரை வெயிலில் ஸ்லாப்பின் மேல்பக்கம் 60 டிகிரியைத் தொடும். பகல் முழுக்கக் குடித்த சூட்டை ராத்திரி பத்து மணிக்கு மேலும் கீழே கக்கிக்கொண்டிருக்கும். உள்ளே சீலிங் கட்டினாலும் ஸ்லாப் சூடாவது நிற்காது. தினமும் விரிந்து சுருங்கிக் கைப்பிடிச் சுவரோரம் விரிசல் விடுவதும் நிற்காது. மேலேயே தடுத்துவிட்டால் இரண்டுமே அடங்கும்.

கடையில் எக்ஸ்பிஎஸ் போர்டு என்று கேள், சூட்டைத் தடுக்கும் கெட்டி நுரைப் பலகை அது. 50 மி.மீ. தடிமன், கன மீட்டருக்கு 32 கிலோவுக்குக் குறையாத அடர்த்தி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காரும் ஷிப்லாப் ஓரம். டிவி பெட்டியில் வரும் தெர்மகோலைத் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அது பாரத்தில் நசுங்கும், ஈரமும் ஏறும். வெறும் ஸ்லாப் வழியாக, மேலுக்கும் கீழுக்கும் உள்ள ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் சதுர மீட்டருக்கு 3.5 வாட் போல சூடு இறங்கும். இந்த போர்டு வந்தால் 0.6க்குள் வந்துவிடும். வீடுகளில் மின்சாரத்தை மிச்சப்படுத்த மத்திய அரசு கொண்டுவந்த எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 கூரைக்கு வைத்த வரம்பு 1.2. அதற்கு 25 மி.மீ. போதும்தான். ஆனால் கூலி இரண்டுக்கும் ஒன்றே, திருச்சி வெயிலுக்கு 50 போடு. உன் மாடி 1000 சதுர அடி, அதாவது 93 சதுர மீட்டர். 1250க்கு 600 மி.மீ. போர்டில் 124 ஆகும். வெட்டில் வீணாவதையும் சேர்த்து 130 வாங்கு.

ஸ்லாப் நன்றாகக் காய்ந்ததும் நூறுக்கு ஒன்று வாட்டம் கொடுத்துப் பூசச் சொல். அதன்மேல் வாட்டர்ப்ரூப்பிங், கைப்பிடிச் சுவரில், டைல் போட்டு முடிந்த தரைக்கு மேல் ஒரு அடி வரை ஏற வேண்டும். 48 மணி நேரம் தண்ணீர் கட்டிப் பார்த்துவிட்டுத்தான் போர்டு. செங்கல் அடுக்குவது போல இணைப்பை மாற்றி மாற்றி வை. மேலே ஜியோடெக்ஸ்டைல் துணி, அப்புறம் நடுவில் கோழிவலை வைத்து 50 மி.மீ. காங்கிரீட், மூன்று மீட்டருக்கு ஒரு வெட்டு. கடைசியாக வெள்ளைக் கூல் டைல். செங்கல்-சுண்ணாம்புச் சுருக்கியும் தட்டோடும் போடுகிற இடத்தில்தான் இதெல்லாம் வருகிறது. கொத்தனார் அதையும் சேர்த்துப் போடப் பார்ப்பார், விடாதே. இந்தக் காங்கிரீட் மட்டுமே சதுர மீட்டருக்கு 110 முதல் 120 கிலோ வரும், பாரத்தை எஞ்சினியரிடம் காட்டிவிடு.

கெடுவது எங்கே தெரியுமா? தின்னர் கலந்த தார் பிரைமர் அடித்து, அது காயும் முன் போர்டை வைத்தால் போர்டையே கரைத்துவிடும். இடுக்கு விட்டால் சிமெண்ட் பால் இறங்கிக் கெட்டியாகி, சூடு அந்த வழியே இறங்கும். வெயிலில் வாரக்கணக்கில் அடுக்கி வைத்தால் மேல்தோல் மஞ்சளாகிப் பொடி உதிரும். தார்ப்பாய் போட்டு மூடு. எல்லாவற்றையும் விட மோசம், வேலை முடிந்தபின் சோலாருக்கோ டேங்குக்கோ துளை போடுவது. பீடமெல்லாம் வாட்டர்ப்ரூப்பிங்குக்கு முன்பே எழும்பிவிட வேண்டும்.

மேற்குச் சுவர் இன்னும் கட்டவில்லை என்றால் எட்டு அங்குல ஏஏசி பிளாக் (உள்ளே காற்றுக் குமிழிகள் உள்ள லேசான காங்கிரீட் கல்) வை. இணைப்புக்குச் சாதாரணக் கலவை வேண்டாம், அதற்கென்று வரும் பசையை 3 மி.மீ.க்குப் போட்டால் போதும். தூணோடு சேரும் இடத்தில் பூச்சுக்கு முன் பைபர் வலை ஒட்டாவிட்டால் நேர்கோடாக விரிசல் வரும்.

சமோசாவுக்கே பேரம் பேசுகிறவன் நீ, ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை வரும் ஈபி பில்லை நினைத்துப் பார். விளையாட்டை விடு, மாடி அறை அப்பாவுக்கு என்கிறார்கள். அந்த வயசு உடம்பு ராத்திரிப் புழுக்கத்தைத் தாங்காது. கரண்டு போனால் ஏசி நின்றுவிடும், போர்டு அப்போதும் வேலை செய்யும்.

டேங்க் எந்த மூலையில் வருகிறது, சோலார் எத்தனை கிலோவாட் என்று இந்த வாரமே எழுது. பீடம் எங்கெங்கே என்று வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
கணேசன்