பால் சாம்பிள் எடுத்து பத்து மாசம் ஆச்சு, கேஸ் போடச் சொல்லி நாலாவது மனு

பெறுநர்: உணவு பாதுகாப்பு நியமன அலுவலர் அய்யா அவர்கள்

பொருள்: ஏரிக்கரை ரோடு வேன் பால், கலப்பட சாம்பிள் மேல நடவடிக்கை வேண்டி

அய்யா, வணக்கம். நான் ரைஸ்மில் தெருவுல நாலு மாடு வச்சு வீட்டு வீட்டுக்கு பால் ஊத்திட்டு இருந்தேன், இப்ப ரெண்டு மாடுதான் இருக்கு. ஏற்கனவே மூணு மனு குடுத்துட்டேன், ரெண்டு திங்கக்கிழமை குறைதீர் நாள்ல, ஒண்ணு உங்க ஆபீஸ்லயே நேர்ல. ரசீது எல்லாம் பத்திரமா இருக்கு, பதில் ஒண்ணுக்கும் வரல.

1. போன வருஷம் ஆகஸ்ட் 20 விடிகாலைல, தண்ணி டேங்க் எதிர்ல நிக்கிற மினி வேன்ல உங்க ஆளுங்க வந்து சாம்பிள் எடுத்தாங்க. நாலு பாகமா பிரிச்சு, கெடாம இருக்க ஃபார்மலின் விட்டு, சீல் வச்சாங்க. நான் கேனோட அங்கதான் நின்னேன். இடம் உங்களுக்கே தெரியும்.

2. சட்டப்படி லேப் ரிப்போர்ட் 14 நாள்ல வரணும். ஜெயிலுக்குரிய குத்தம்னா அதுல இருந்து 14 நாள்ல நீங்க உணவு பாதுகாப்பு கமிஷனருக்கு எழுதணும். இப்ப பத்து மாசம் ஆச்சுங்க அய்யா.

3. இதுதான் எனக்கு தாங்க முடியல. சாம்பிள் எடுத்தப்ப தெருவே பாத்துச்சு, அப்புறம் ஒண்ணுமே நடக்கலன்னதும் அந்த வேன்காரரு "ஆபீசரே செக் பண்ணிட்டு போயிட்டாங்க, நம்ம பால் சுத்தம்"னு சொல்லியே விக்கிறாரு, நீங்க எடுத்த சாம்பிளே அவருக்கு சர்டிபிகேட் ஆயிடுச்சு. எனக்கு 34 வீடு இருந்துச்சு, இப்ப 11. அவரு பால் 48 ரூபா, என்னுது 60. புண்ணாக்கு தவிடு விக்கிற விலைக்கு நான் எப்படி 48க்கு குடுப்பேன்? மாவு கலந்த பால் கெட்டியா இருக்கு, அத குடிச்சு பழகிட்டு என் பாலப் பாத்து "என்னம்மா தண்ணி ஊத்துறியா"ன்னு கேக்குறாங்க. பதினெட்டு வருஷமா பால் ஊத்துறேன், இந்த வார்த்தைய நான் கேட்டதே இல்ல. மீதி பால சொசைட்டில ஊத்துறேன், ஃபேட் (கொழுப்பு) 4.1, எஸ்என்எஃப் (கொழுப்பு போக மிச்ச சத்து) 8.5னு ஸ்லிப்பே வருது. மாடி வீட்டு அக்கா முன்னாடி ரெண்டு டம்ளர்ல ரெண்டு பாலையும் வச்சு டிஞ்சர் அயோடின் ரெண்டு சொட்டு விட்டேன், என்னுது லேசா மஞ்சளாச்சு, வேன் பால் நீலமா போச்சு, மாவு இருந்தாத்தான் அப்படி ஆகும். அந்தக்கா வாயடைச்சு நின்னுட்டு, "அப்ப ஏன் கவர்மெண்ட் கேஸ் போடல"ன்னு கேட்டுச்சு. நான் என்ன சொல்றது? அவங்க பேத்திக்கு ஒன்றரை வயசு, அந்தப் பாலத்தான் இன்னும் குடிக்குது. போன மாசம் செனை மாட்ட வித்துட்டேன்.

4. வேன் பால்ல லாக்டோமீட்டர் (பாலோட கனம் பாக்குற மீட்டர்) சரியா காட்டுதுன்னு உங்க ஆபீஸ்ல ஒரு தம்பி சொன்னாரு. ஆடைய எடுத்தா பால் கனம் ஏறும், தண்ணி விட்டா எறங்கும், ரெண்டும் அளவா பண்ணா மீட்டர் சரின்னுதான் காட்டும். பால் யாவாரம் ஆரம்பிச்ச காலத்துலயே இந்த வேலை நடந்துச்சு, லேப்ல ஃபேட்டு பாத்தாத்தான் மாட்டும். மெட்ராஸ் மாகாணத்துல 1918லயே கலப்படத்துக்கு சட்டம் போட்டாங்க, அப்புறம் 1954ல ஒண்ணு, இப்ப 2006 சட்டம், நூறு வருஷத்துக்கு மேல ஆயிடுச்சு அய்யா, இன்னும் நான் அயோடின் பாட்டிலத் தூக்கிட்டு அலையணுமா? 2014ல திண்டிவனம் பக்கம் டேங்கர் பால எடுத்துட்டு தண்ணி ஊத்துனவங்கள போலீஸ் அரெஸ்ட் பண்ணல? அங்க முடிஞ்சது இங்க ஏன் முடியல?

5. எங்க அக்கா பையன் வக்கீலுக்கு படிக்கிறான், அந்த 2006 சட்டத்துல 77வது பிரிவ காட்டுனான். குத்தம் நடந்து ஒரு வருஷம் தாண்டுனா கோர்ட் கேஸ எடுக்காதாம், கமிஷனர் காரணம் எழுதி அனுமதிச்சாதான் மூணு வருஷம் வரைக்குமாம். வர்ற ஆகஸ்ட் 20ஓட முடிஞ்சுது. அதுக்குத்தான் காத்திருக்கீங்களான்னு கேக்கத் தோணுது, கோவத்துல எழுதிட்டேன், மன்னிச்சுக்கோங்க.

6. ரிப்போர்ட் வந்துச்சா இல்லையா, அத மட்டுமாவது எழுத்துல சொல்லுங்க. வந்திருந்தா கேஸ் போடுங்க. வரலன்னா திரும்ப சாம்பிள் எடுங்க, நாளைக்கு காலைலயே எடுங்க, வேன் அஞ்சே முக்காலுக்கு வரும், நான் வந்து நிக்கிறேன். தயவு செஞ்சு ஆகஸ்ட் 20க்குள்ள கேஸ் போடுங்க அய்யா.

இப்படிக்கு,
ரைஸ்மில் தெரு பால்காரம்மா

இணைப்பு: மூணு மனு ரசீது, சொசைட்டி ஸ்லிப் ஆறு