சுவர் வேண்டாம், மாடி கொடுங்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் கடைவீடு வைத்திருக்கும் ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும் வணக்கம்.

தீபாவளி, தைப்பூசம் நெருங்கினால் உங்களில் யாராவது ஒருவர் எனக்குப் போன் செய்வீர்கள். "தம்பி, பக்கத்துச் சுவர் சும்மாதானே கிடக்குது, ஒரு மயில் போட்டுக் கொடேன். பெயிண்ட் செலவு நம்மது." கூலிப் பேச்சே வராது. சாப்பாடு மட்டும் உண்டு. நல்ல சாப்பாடுதான், அதில் குறை சொல்ல மாட்டேன். 2012-இல் லிதுவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்காரெவிச் ஆர்மேனியன் ஸ்ட்ரீட்டுச் சுவரில் சைக்கிள் பிள்ளைகளை வரைந்த பிறகு, ஜார்ஜ் டவுனில் சுவர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இந்த ஆசை வந்துவிட்டது. வரட்டும். ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு வேண்டியது கடைக்கு மேலே பூட்டிக் கிடக்கும் மாடி. அதைக் கேட்கத்தான் இந்த மடல். இனாமாக இல்லை, வாடகைக்குத்தான்.

நான் ஓவியக் கல்லூரிப் படி ஏறியவன் இல்லை. சைன்போர்டு கடையில் எடுபிடியாக நின்று எழுத்து போடப் பழகினேன். வினைல் அச்சு வந்து அந்தப் பிழைப்பை விழுங்கிவிட்டது. மற்றதெல்லாம் பழைய புத்தகம், யூடியூப், அப்புறம் கெடுத்துப் போட்ட கேன்வாஸ்கள். பகலில் வேறு வேலை, இரவில் ஓவியம். வீடு ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில். அந்த வீடுகளின் அளவு தெரிந்தவர்களுக்கு நான் மேலே எதுவும் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய் வண்ணம் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காயாது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்துதான் இறுகும். பூச்சு கனமாக இருந்தால் வாரக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் பிள்ளைகளின் விரல் படாமல், மீன் பொரிக்கிற புகை படியாமல் அதைக் காக்க வேண்டும். பெரிய படம் ஒன்றைச் சாய்த்து வைத்தால் படுக்கையறைக் கதவு பாதிதான் திறக்கும்.

கல்லூரியில் படிப்பவர்களுக்குப் படிக்கிற வரைக்குமாவது ஓர் இடம் கிடைக்கிறது. தானாகக் கற்றவனுக்கு அதுவும் இல்லை. அதற்காகத் தானாகக் கற்றவனைச் சாதாரணமாக நினைத்துவிட வேண்டாம். இந்த ஊரில் நீர்வண்ணத்துக்குப் பேர் வாங்கிய அப்துல்லா ஆரிஃப் சொந்தமாகக் கற்றவர்தான். ஆயர் ஈத்தாமில் அவர் பெயரில் சாலையே இருக்கிறது.

சரி, மாடிக்கு வருவோம். 1966-ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை உங்கள் மாடிகளில் குடும்பங்கள் இருந்தன. 2000 பிறந்தபோது அந்தச் சட்டம் போய்விட்டது; வாடகை ஏறியது, குடித்தனக்காரர்கள் கிளம்பினார்கள். சில மாடிகளில் சூப்புக்கு விலைபோகும் கூட்டுக்காகக் குருவி வளர்த்தார்கள், ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு. 2008-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்த பிறகு, பாரம்பரியப் பகுதியில் அது கூடாது என்று மாநில அரசு நிறுத்தியது. குருவியை நம்பி மாடியைக் கொடுத்தவர்கள் ஓவியனை நம்பவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. குருவி வாடகைகூடத் தராது. இப்போது பல மாடிகளில் பழைய அட்டைப்பெட்டி, உடைந்த ஷோகேஸ், போன வருடத் தோரணம்.

அந்த மாடிகள் எங்களுக்கு ஏன் என்று கேட்கலாம். வெளிச்சத்துக்குத்தான். ஐரோப்பியப் புத்தகங்கள் ஓவியனுக்கு வடக்குச் சன்னல் வேண்டும் என்று சொல்லும். அங்கே சூரியன் தெற்குப் பக்கமாகவே போவதால் வடக்குச் சன்னலில் நேர் வெயில் அநேகமாக விழாது. பினாங்கு நிலநடுக்கோட்டுக்கு ஐந்தரை டிகிரிதான் வடக்கே. ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். ஜூன் மாதத்தில் வடக்குச் சன்னல் வழியாகவே வெயில் சாய்ந்து வந்து கேன்வாஸில் விழும். கலந்து வைத்த மஞ்சள் எந்த மஞ்சள் என்றே தெரியாது. ஆகவே இங்கே திசையைப் பார்த்துப் பயனில்லை. கடைவீட்டின் நடு முற்றத்தைத்தான் பார்க்க வேண்டும். அதில் வெயில் நேராக இறங்குவது உச்சி வேளையில் கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் சுவரில் பட்டுச் சிதறிய வெளிச்சம். முகத்தின் நிழல் பக்கத்தை வரைய அதைவிட நல்ல வெளிச்சம் இந்த ஊரில் கிடைக்காது. ஒரே ஒரு வேண்டுகோள்: முற்றத்தை நீல பிளாஸ்டிக் தகடு போட்டு மூடியிருந்தால், நிறமில்லாத தகடாக மாற்ற விடுங்கள். நீலத்துக்குக் கீழே எல்லா முகமும் நோயாளி முகம்தான்.

உங்கள் பயமும் எனக்குத் தெரியும். பலகைத் தரை, பழைய உத்தரம், கீழே புடவைக் கடை. தீப்பிடித்தால்? நியாயமான கேள்வி. ஆளிவிதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், நெருப்பே இல்லாமல் அது தானாகச் சூடேறிப் பற்றிக்கொள்ளும். தண்ணீர் ஊற்றி மூடிய தகர டின்னில் போட்டால் ஆபத்து இல்லை. இதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். டின் இல்லை என்றால் வெளியே போ என்றும் எழுதுங்கள். டர்பன்டைன் வாசம் கீழே இறங்குமே என்றால், பிரஷ்ஷைச் சமையல் எண்ணெயில் அலசி சோப்புப் போட்டுக் கழுவலாம். நான் அப்படித்தான் செய்கிறேன், வீட்டில் வேறு வழியும் இல்லை.

சுவரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் பழைய சுவர் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும். தரையிலிருந்து ஏறும் ஈரம் அதன் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அதன் மேல் அக்ரிலிக் பெயிண்டில் மயில் வரைந்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, பூச்சு பொரிந்து, மயிலோடு சேர்ந்து உதிரும். மயில் வேண்டாம் என்று ஓவியனே சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

வாடகை விஷயம். கீழ்க்கடைக்கு வாங்குவதை எங்களால் தர முடியாது. நாலு பேர் சேர்ந்தால் மாடிக்கு நியாயமானதைத் தரலாம். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வேண்டியது காலம். மூன்று வருடமாவது எழுத்தில் வேண்டும். ஓர் உரிமையாளர் வாய்ப்பேச்சில் மாடி கொடுத்தார். குப்பை அள்ளி, சுவர் தேய்த்து, ஒயர் மாற்றி முடித்த கையோடு, ஹோம்ஸ்டேக்காரர் அதிகம் தருகிறார் என்று கிளம்பச் சொன்னார். பெயர் சொல்லப் போவதில்லை. அவர் மாடி இப்போது அழகாக இருக்கிறது, என் செலவில்.

ஜாலான் குருத்வாராவில் பழைய ஹின் பஸ் டிப்போ 2014-இல் கலைக்கூடமாகத் திறந்தது. பாழடைந்து கிடந்த இடம். இன்று ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கே கூட்டம் வருகிறது. உங்களை டிப்போ கட்டச் சொல்லவில்லை. மாடிச் சாவியைத் தேடி எடுத்தால் போதும்.

பார்க்க வரச் சொல்வதாக இருந்தால், காலையில் ஒரு தடவையும் மாலை நாலு மணிக்கு ஒரு தடவையும் வர விடுங்கள், வெளிச்சம் பார்க்க வேண்டும். மழை நாளாக இருந்தால் இன்னும் நல்லது, எங்கே ஒழுகுகிறது என்று இரண்டு பேருக்கும் தெரிந்துவிடும். வாடகையை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
உங்கள் தெருவுக்கு மயில் வரைந்து கொடுத்தவன்