பெட்டி விளம்பரமும் மருந்து விளம்பரமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன இதழின் நடுப்பக்கத்தில் பழைய ஆங்கிலப் பத்திரிகை விளம்பரங்களை அச்சிட்டிருந்தீர்கள். விக்டோரியா காலத்து மாத்திரைகள், டானிக்குகள், இந்தியாவுக்குக் கப்பலேறும் வெள்ளைக்காரர்களுக்கான டிரங்குப் பெட்டி, தொப்பி எல்லாம் கலந்து. படங்கள் பிரமாதம். ஆனால் கீழே எழுதியிருந்த குறிப்புகள் முழுக்க "அந்தக் காலத்து ஜனங்கள் எவ்வளவு அப்பாவிகள் பாருங்கள்" என்கிற தொனியில் இருந்தன, அதில்தான் எனக்குச் சண்டை. மருந்துக் கடையில் பல வருஷம் கவுன்ட்டருக்குப் பின்னால் நின்றவன் என்கிற உரிமையில் எழுதுகிறேன். நீளமாகப் போனால் வெட்டிக்கொள்ளுங்கள்.

அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாருங்கள். பெட்டி விற்பவன் என்ன எழுதுகிறான்? நீளம் இத்தனை, உயரம் இத்தனை, கப்பல் அறையில் படுக்கைக்கு அடியில் நுழையும், உள்ளே தகரம் அடித்திருக்கிறது, கரையான் ஏறாது, விலை இவ்வளவு. அவ்வளவுதான். பக்கத்துக் கட்டத்தில் மருந்து விற்பவன் அளவும் சொல்வதில்லை, உள்ளே என்ன இருக்கிறது என்றும் சொல்வதில்லை. அவன் போடுவது கடிதம். இன்ன ஊர்ப் பாதிரியார் எழுதுகிறார், இன்ன ராணுவ அதிகாரி எழுதுகிறார், எட்டு வருஷமாகப் படுத்த படுக்கையாக இருந்தவர் எழுந்து நடக்கிறார். பெட்டி படுக்கைக்கு அடியில் நுழையாவிட்டால் வாங்கினவனுக்குக் கப்பல் ஏறிய அன்றைக்கே தெரிந்துவிடும், அதனால் அவன் பொய் சொல்ல முடியாது. மருந்தில் அப்படி இல்லை, பாதி நோய்கள் தானாகவே குணமாகிவிடும், மருந்துக்காரன் அந்தப் பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுவான். இது வாங்குபவர்களின் அப்பாவித்தனம் இல்லை சார், சோதித்துப் பார்க்க வழி இல்லாத சரக்கு, அவ்வளவுதான்.

குளோரோடைன் விளம்பரத்தையே எடுத்துக்கொள்வோம். ஜான் காலிஸ் பிரவுன் என்கிற ராணுவ மருத்துவர் இந்தியாவில் இருந்தபோது காலராவுக்கென்று கலந்த மருந்து அது. உள்ளே அபின் சாறு, கஞ்சா, குளோரோஃபார்ம். அபின் குடலை மெதுவாக்கும், வலி அடங்கும், வயிற்றுப்போக்கு குறைந்த மாதிரி இருக்கும். அதனால் கடிதம் எழுதியவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் காலராவில் ஆளைக் கொல்வது உடம்பை விட்டுப் போகிற நீரும் உப்பும், அதை இந்தச் சொட்டு மருந்து ஈடுகட்டாது. பிழைத்தவர் நன்றிக் கடிதம் எழுதினார், பிழைக்காதவர் வீட்டிலிருந்து யாரும் எழுதவில்லை. குடித்துக் குடித்து அதற்கே அடிமையானவர்களும் நிறைய.

இதில் ரசமான விஷயம், 1864-இல் ஃபிரீமன் என்கிற போட்டிக்காரருடன் நடந்த வழக்கு. இந்த மருந்தைக் கண்டுபிடித்தது பிரவுன்தான், எதிர்த்தரப்பு சொல்வது பொய் என்று நீதிபதி சொன்னார். அந்த வரியைத் தூக்கி அதற்கப்புறம் பல வருஷம் விளம்பரத்தின் தலையில் போட்டார்கள். வழக்கு யார் கண்டுபிடித்தது என்பதைப் பற்றி, மருந்து வேலை செய்யுமா என்று நீதிமன்றத்தில் யாரும் கேட்கவே இல்லை. ஆனால் காலையில் பேப்பர் படிக்கிறவனுக்கு நீதிபதியே சான்றிதழ் கொடுத்த மாதிரிதான் தெரியும். இதோடு அரசு முத்திரை வேறு. பிரிட்டனில் 1783-லிருந்து 1941 வரை இந்த மாதிரி மருந்துகளுக்கு முத்திரை வரி உண்டு, புட்டியின் மேல் அரசாங்க ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். வரி கட்டியதற்கான ரசீது அது. "அரசு முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்" என்று விளம்பரத்தில் போட்டுவிட்டால், சர்க்காரே உத்தரவாதம் கொடுக்கிறது என்று ஜனங்கள் நினைக்காமல் என்ன செய்வார்கள்?

நீங்கள் பயணச் சாமான் என்று பிரித்துப் போட்டிருந்த காலரா பெல்ட்டும் உண்மையில் மருந்து வகைதான். வயிற்றைச் சுற்றிக் கட்டிக்கொள்கிற ஃபிளானல் துணிப் பட்டை. வயிறு குளிர்ந்து போவதால்தான் காலரா வருகிறது என்று நம்பினார்கள், இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களுக்குக் கொடுத்தார்கள். நம்ம வெயிலில் கம்பளித் துணியை வயிற்றில் கட்டிக்கொண்டு அணிவகுத்தவர்களை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. 1884-இல் ராபர்ட் கோக் என்கிற ஜெர்மன் மருத்துவர் கல்கத்தாவில், காலராக் கிருமி குளத்துத் தண்ணீரில் இருக்கிறது என்று காட்டிவிட்டார். அதற்குப் பிறகும் முதல் உலகப் போர் வரை பெல்ட்டுக்குக் கிராக்கி போகவில்லை. வெயில் முதுகுத்தண்டைத் தாக்காமல் இருக்க முதுகில் தொங்கவிடும் துணித் திண்டு, நெட்டியில் செய்த தொப்பி எல்லாம் இதே ரகம். தொப்பியாவது நிழல் தந்தது, எடையும் இல்லை. இதே பட்டியலில் கொசுவலையும் மலேரியாவுக்கான கொயினாவும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். அவை இரண்டும் உண்மையிலேயே உயிரைக் காப்பாற்றியவை. ஆனால் எல்லாம் ஒரே அச்செழுத்தில், ஒரே பத்தியில், ஒரே அதிகாரத் தொனியில் வரும்போது எது கொயினா, எது பெல்ட் என்று புதிதாகக் கப்பல் ஏறுகிற இருபது வயசுப் பையன் எப்படிப் பிரிப்பான்?

உங்கள் குறிப்புகளில் சுத்தமாக விடுபட்டது பத்திரிகைகளின் பங்கு. பீச்சம் மாத்திரையை, ஒரு பெட்டி ஒரு கினி, அதாவது இருபத்தொரு ஷில்லிங், பெறும் என்று விளம்பரம் செய்தார்கள். 1909-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் இந்த மாதிரி ரகசிய மருந்துகளைப் பரிசோதனைச் சாலையில் பிரித்துப் பார்த்துப் புத்தகமாகப் போட்டது. பீச்சம் மாத்திரையில் இருந்தது கற்றாழைப் பால், இஞ்சி, சோப்பு. ஒரு ஷில்லிங் ஒன்றரை பென்ஸ் பெட்டிக்குள் இருந்த சரக்கின் விலை அரை ஃபார்திங். ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ், பென்னிக்கு நாலு ஃபார்திங். கணக்குப் போட்டால் நூறில் ஒரு பங்குகூட வரவில்லை. சரி, அந்தப் புத்தகத்துக்கு விளம்பரம் கொடுக்கப் போனால் பல பத்திரிகைகள் வாங்க மறுத்துவிட்டன. மாத்திரைக்கு இடம் உண்டு, மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு இடம் இல்லை.

அமெரிக்காவில் இன்னும் வெளிப்படை. மருந்துக் கம்பெனிகள் பத்திரிகைகளோடு போட்ட விளம்பர ஒப்பந்தத்தில், அந்த மாநிலத்தில் எங்களுக்கு எதிராகச் சட்டம் வந்தால் ஒப்பந்தம் ரத்து என்று ஒரு ஷரத்தே இருந்தது. அப்புறம் எந்த ஆசிரியர் அப்படிச் சட்டம் கேட்டுத் தலையங்கம் எழுதுவார்? 1905-இல் கோலியர்ஸ் வார இதழ் இதைப் போட்டு உடைத்தது. அதே வருஷம் லேடீஸ் ஹோம் ஜர்னல் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த காரியம். லிடியா பிங்க்ஹாம் என்ற அம்மாவின் மருந்து விளம்பரங்கள், உங்கள் உடம்புக் கோளாறுகளைத் திருமதி பிங்க்ஹாமுக்குக் கடிதம் எழுதிக் கேளுங்கள் என்று பெண்களை அழைத்துக்கொண்டே இருந்தன. அந்த இதழ் அவருடைய கல்லறையைப் போட்டோ எடுத்துப் போட்டது. அவர் இறந்தது 1883-இல். அடுத்த வருஷமே, 1906-இல், மருந்துக்குள் ஆல்கஹாலோ அபினோ இருந்தால் லேபிளில் எழுத வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது.

மருந்துக் காசு எல்லாமே பாவக் காசு என்று நான் சொல்லவில்லை. காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893-இல் பம்பாயில் அமிர்தாஞ்சன் தொடங்கினார், அதில் வந்த வருமானத்தில்தான் ஆந்திர பத்திரிகா என்ற தெலுங்கு இதழை நடத்தினார், 1914-இல் அதைச் சென்னைக்குக் கொண்டுவந்து நாளிதழாக்கினார். லஸ் பக்கம் அவர் பேரில் பூங்கா இருக்கிறது. தலைவலிக்குத் தைலம் என்று சொன்னார், தலைவலிக்குத் தைலம் விற்றார். பெட்டிக்காரனின் நேர்மை அது.

இப்போது உங்கள் இதழுக்கு வருகிறேன். அதே இதழின் கடைசிப் பக்கங்களைப் பார்த்தீர்களா? இன்ன தேதியில் இன்ன ஊர் லாட்ஜில் வைத்தியர் தங்குகிறார், சர்க்கரை வேரோடு போகும், வெண்புள்ளி மறையும், ஆண்மைக் குறைவுக்கு உத்தரவாதம். 1954-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது, மாயமந்திர மருந்து விளம்பரத் தடைச் சட்டம். நீரிழிவு, புற்றுநோய், வெண்புள்ளி, ஆண்மைக் குறைவு, உயரமாக வளர்வது உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்ட விஷயங்களை அட்டவணை போட்டு, இவற்றைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் கூடாது என்கிறது. விளம்பரத்தை அச்சிடுவதையும் அதே குற்றத்தில்தான் சேர்க்கிறது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு. விளம்பரம் கொடுத்தவர் மட்டும் பார்த்துக்கொள்வார் என்று நினைக்க வேண்டாம்.

கடைக்கு அந்தப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வருவார்கள். "பேப்பர்லயே போட்டிருக்கான் தம்பி" என்பார்கள். போட்டிருக்கிறது என்பதுதான் அவர்களுக்கு முத்திரை, அந்தக் காலத்து அரசாங்க ஸ்டாம்ப் மாதிரி. சர்க்கரைக்குப் போட்டுக்கொண்டிருந்த மாத்திரையை நிறுத்திவிட்டு லேகியம் சாப்பிட்டு, கால் புண்ணோடு திரும்பி வந்தவர்களிடம் நான் என்ன பதில் சொல்வது?

அதனால் கேட்பது இதுதான். பழைய விளம்பரத் தொடரை நிறுத்த வேண்டாம், ஆனால் ஒவ்வொரு மருந்துப் படத்துக்குக் கீழேயும் உள்ளே என்ன இருந்தது என்று ஒரு வரி போடுங்கள், தெரிந்தவற்றுக்காவது. அப்புறம் உங்கள் விளம்பரப் பிரிவில் சொல்லி, மருந்து விளம்பரம் வந்தால் பெட்டி விளம்பரம் மாதிரி கேட்கச் சொல்லுங்கள்: உள்ளே என்ன, எவ்வளவு, தயாரிப்பு உரிம எண் என்ன, வைத்தியரின் பதிவு எண் என்ன. சொல்லாதவர்களுக்கு இடம் இல்லை. வருமானம் குறையும், தெரியும். இதழ் விலையை ஒன்றிரண்டு ரூபாய் கூட்டுங்கள், நான் தருகிறேன். என் சந்தாவைப் புதுப்பிக்கும் மாதம் வருகிறது, இதற்கு உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுப் பணம் அனுப்பலாம் என்று இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்,
திருச்சி