வில்லங்கச் சான்றில் வராத வில்லங்கம்

பத்திர எழுத்தர்களுக்கும், வாடகை, குத்தகை ஒப்பந்தங்கள் தயாரித்துத் தரும் வழக்கறிஞர்களுக்கும் வணக்கம்.

கோவையை ஒட்டி எங்கள் குடும்பத்துக்கு ஒரு ஷெட் இருக்கிறது. அப்பா அதை ஒரு முலாம் பட்டறைக்கு வாடகைக்கு விட்டிருந்தார். குரோம் பிளேட்டிங். 11 மாத அக்ரிமென்ட்டைப் புதுப்பித்துப் புதுப்பித்து ஆறு வருடம் ஓடியது. வாடகை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. காலி செய்தபோது சுவருக்கு வெள்ளையடித்து, டியூப் லைட்டுகளையும் மின்விசிறிகளையும் எண்ணி ஒப்படைத்தார்கள். அப்பாவும் அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த வருடம் செப்டிக் டேங்க்குக்காகக் குழி தோண்டினோம். நாலடி ஆழத்தில் மண் மஞ்சளாக இருந்தது. மறுநாள் காலை குழியில் ஊறியிருந்த தண்ணீரும் மஞ்சள். குரோமிக் அமிலத் தொட்டி நின்ற இடத்தில் தரை வெடித்திருந்ததை அவர்கள் சிமென்ட் பூசி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். தொட்டியிலிருந்து எடுக்கும் சாமான்களில் ஒட்டிவரும் திராவகம், கழுவிய தண்ணீர், அடியில் தங்கும் கசடு எல்லாம் அந்த வெடிப்பு வழியாக எத்தனை நாள் இறங்கியதோ. குரோமிக் அமிலத்தில் இருப்பது ஆறு இணைதிற குரோமியம், குரோமியத்தின் விஷ வடிவம். அது தண்ணீரில் நன்றாகக் கரையும். மண்ணோடு நிற்காமல் நிலத்தடி நீரோடு நகரும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பக்கத்துத் தோட்டத்துப் போர்வெல்லையும் சோதிக்கச் சொன்னோம். அந்த அறிக்கை வந்த அன்றைக்கு அப்பா சாப்பிடவில்லை.

பட்டறைக்காரரிடம் போனோம். அவர் கேட்ட கேள்வியை உங்களிடம் சொல்வதற்காகவே இந்த மடலை எழுதுகிறேன். "அக்ரிமென்ட்ல அப்படி எதுவும் இல்லையேங்க?"

உண்மையிலேயே இல்லை. சொத்தை வேறு யாருக்கும் உள்வாடகைக்கு விடக் கூடாது என்று இருந்தது. ஆணி அடித்துச் சுவரைக் கெடுக்கக் கூடாது என்று இருந்தது. எத்தனை விளக்கு, எத்தனை விசிறி, எத்தனை சாவி என்று இருந்தது. தரைக்குக் கீழே என்ன ஆனாலும் யார் பொறுப்பு என்று ஒரு வரி இல்லை. எழுதியவரை நான் குறை சொல்லவில்லை. வீட்டு வாடகைக்கு எழுதுகிற வாசகத்தையே பட்டறைக்கும் எழுதுவது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பழக்கம். நாங்களும் அதற்கு மேல் கேட்கவில்லை.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1882ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 108, குத்தகைதாரர் சொத்தைத் தன்னிடம் வந்தபோது இருந்த நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்கிறது. நியாயமான தேய்மானத்துக்கும் தடுக்க முடியாத இயற்கைச் சக்திக்கும் மட்டும்தான் விலக்கு. சொத்துக்கு நிரந்தரக் கேடு விளைவிக்கும் எதையும் செய்யக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆனால் எங்கள் விஷயத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இரண்டே கேள்விதான் கேட்டார். முலாம் பட்டறைக்கு என்று தெரிந்தே விட்டீர்கள், கொஞ்சம் கசிவது அந்தத் தொழிலின் தேய்மானம்தானே? சாவி கொடுத்த அன்றைக்கு மண் எப்படி இருந்தது என்பதற்கு உங்களிடம் என்ன அத்தாட்சி? நாலு வீடு தள்ளி இன்னொரு பட்டறையும் இருந்தது. எங்களிடம் ஒரு தாளும் இல்லை.

தோண்டி எடுத்த மண்ணை ஏதாவது பள்ளத்தில் கொட்டிவிட்டு வர முடியாது. அது அபாயக் கழிவு. கும்மிடிப்பூண்டியில் அதற்கென்று இருக்கிற மையத்துக்குத்தான் லாரி பிடித்து அனுப்ப வேண்டும். ஆழத்தில் மிஞ்சியதை இரும்பு உப்பு விட்டு எளிதில் கரையாத மூன்று இணைதிறக் குரோமியமாக மாற்றி நகராமல் கட்ட வேண்டும் என்றார்கள். அந்த ஆறு வருடத்தில் வாங்கிய வாடகை முழுவதும் அதில் போனது, கைக்காசும் போனது.

இது எங்கள் ஒரு ஷெட்டின் கதை மட்டும் இல்லை. போபாலில் யூனியன் கார்பைடு ஆலை நின்றது மத்தியப் பிரதேச அரசு குத்தகைக்குக் கொடுத்த நிலத்தில். 1984 விபத்துக்குப் பிறகு கம்பெனி கைமாறிப் பெயரும் மாறியது. 1998இல் அந்த நிலம் அரசிடமே திரும்பி வந்தது, உள்ளே கழிவு இருக்கும்போதே. அன்றிலிருந்து நிலத்துக்கும் கழிவுக்கும் காவல் அரசுதான். சேகரித்து வைத்திருந்த 337 டன் கழிவு, எரிப்பதற்காக அதே மாநிலத்தின் பீதம்பூருக்குப் புறப்பட்டது 2025 ஜனவரியில். சாவியை வாங்கிக்கொண்ட பிறகு ஏறக்குறைய 27 வருடம். ஓர் அரசாங்கத்துக்கே இந்த நிலை என்றால், ஒரு ஷெட் வைத்திருக்கும் குடும்பம் என்ன செய்யும்?

சரி, கோர்ட்டுக்குப் போகலாம். ராஜஸ்தானில் பிச்ரி கிராமத்துக் கிணறுகளைக் கெடுத்த எச்-அமில (சாயம் தயாரிக்க உதவும் ரசாயனம்) ஆலைகள் மீது உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவைத் தர வேண்டும் என்ற கோட்பாடு நம் நாட்டில் ஊன்றியதற்கு அந்தத் தீர்ப்பும், அதே வருடம் வந்த வேலூர் தோல் ஆலைத் தீர்ப்பும்தான் காரணம். ஆனால் பிச்ரியில் கம்பெனி மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டே போக, 37 கோடி ரூபாய்க்கு மேல் வட்டியோடு கட்டச் சொல்லி நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது 2011இல். நடுவில் 15 வருடம். ஒப்பந்தத்தில் முதலிலேயே தெளிவாக எழுதியிருந்தால் எல்லா வழக்கும் தீர்ந்துவிடும் என்று சொல்லவில்லை. ஆனால் என்ன நிலையில் வாங்கினார், எந்த அளவுக்குத் திருப்பித் தர வேண்டும் என்பதை எழுத்தில் காட்டுகிறவருக்குப் பாதி வாதம் மிச்சம்.

அதனால் தொழிற்கூடத்துக்கு என்று யாராவது எழுத வந்தால், தயவுசெய்து அவர்களை உட்காரவைத்து இதைச் சொல்லுங்கள். சாவி கொடுப்பதற்கு முன்பே என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களைச் சரிபார்க்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில் மண்ணையும் போர்வெல் தண்ணீரையும் சோதித்து, அறிக்கையில் இரு தரப்பும் கையெழுத்துப் போட்டு, தபசிலோடு (பத்திரத்தின் சொத்து விவரப் பகுதி) இணைக்கட்டும். இந்த ஒன்று இல்லாவிட்டால் மற்ற எந்த வாசகத்துக்கும் பலம் இல்லை. இது வாடகைக்கு வருகிறவருக்கும் நல்லது. முந்தைய ஆள் விட்டுப்போன விஷத்துக்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருக்காது.

அப்புறம், "சுத்தம் செய்து ஒப்படைக்க வேண்டியது" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எந்த அளவுக்குச் சுத்தம்? கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடியது. அங்கே மண்ணில் பாதரசம் கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் வரை இருக்கலாம் என்ற சண்டையிலேயே வருடங்கள் கரைந்தன. 20 போதும் என்றது ஒரு பக்கம், சோலைக்காட்டின் உச்சியில் அது போதவே போதாது என்றது இன்னொரு பக்கம். எங்கள் ஷெட்டுக்கு நான் கேட்பது எளிது: முதல் அறிக்கையில் இருந்த எண், அதுவே திரும்பி வர வேண்டும்.

கசிவு ஏற்பட்டால் அன்றே உரிமையாளருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்தில் சொல்ல வேண்டும் என்றும் சேருங்கள். கடைசிச் சோதனை அறிக்கை வரும்வரை அட்வான்ஸ் திரும்பாது என்று எழுதுங்கள். பெரிய தொழில் என்றால் அட்வான்ஸ் போதாது, வங்கி உத்தரவாதம் கேட்கச் சொல்லுங்கள். கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரர்கள் தனிப்பட்ட முறையிலும் கையெழுத்திடட்டும்; பெயர்ப்பலகையைக் கழற்றியதும் பொறுப்பும் கழன்றுவிடக் கூடாது. ஒப்பந்த மீறலுக்கு வழக்குப் போட நமக்கு 3 வருடம்தான். விஷம் அதற்குள் வெளியே தெரியும் என்று எந்த நிச்சயமும் இல்லை. காலி செய்கிற அன்றே சோதிக்கச் சொல்வது அதனால்தான்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொறுப்பு யாருக்கு என்று எழுதும் வாசகத்தைக் குறுக்கு வழியாகப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. அமெரிக்காவில் நயாகரா நீர்வீழ்ச்சி நகரில் ஹூக்கர் கெமிக்கல் கம்பெனி, ரசாயனக் கழிவு புதைத்த லவ் கேனால் நிலத்தை 1953இல் அந்த ஊர்ப் பள்ளி வாரியத்துக்கு ஒரே டாலருக்கு எழுதிக்கொடுத்தது. இனி யாருக்கு எது நேர்ந்தாலும் கம்பெனி பொறுப்பல்ல என்று பத்திரத்தில் வாசகம். அங்கே பள்ளிக்கூடம் கட்டினார்கள், சுற்றி வீடுகள் வந்தன. 1978இல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. அந்த வாசகம் கம்பெனியைக் காப்பாற்றவில்லை. ஹூக்கரை வாங்கியிருந்த ஆக்ஸிடென்டல் நிறுவனம் 1995இல் அமெரிக்க அரசுக்கு 129 மில்லியன் டாலர் தர ஒப்புக்கொண்டது. இரண்டு பேருக்கு நடுவில் செலவை யார் ஏற்பது என்று பத்திரம் முடிவு செய்யலாம். ஊருக்கும் அரசுக்கும் உள்ள பொறுப்பை எந்தப் பத்திரத்தாலும் தள்ளிவிட முடியாது. மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு 2025 ஜூலையில் தனி விதிகள் கொண்டுவந்திருக்கிறது. இனி அந்தக் கணக்கு இன்னும் கறாராகும்.

கிரயப் பத்திரத்துக்கும் இதே வேண்டுகோள். "யாதொரு வில்லங்கமும் இல்லை, பின்னிட்டு ஏதேனும் வெளிப்பட்டால் என் சொந்தச் செலவில் தீர்த்துக்கொடுப்பேன்" என்று நீங்கள் எழுதாத பத்திரமே இல்லை. அந்த வாசகத்தோடு மண்ணையும் தண்ணீரையும் பெயர் சொல்லிச் சேருங்கள். தனக்குத் தெரிந்த, வாங்குபவரால் எளிதில் கண்டுபிடிக்க முடியாத குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்று அந்தச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு ஏற்கெனவே சொல்கிறது.

ஷெட்டை மறுபடி வாடகைக்கு விடப்போகிறோம். அடுத்த மாதம் அப்பாவோடு பத்திரம் எழுத வருகிறேன். மண் அறிக்கை, தண்ணீர் அறிக்கை, அந்தக் குழியின் படங்கள் மூன்றும் கையில் இருக்கும். தபசிலுக்குக் கீழே அவற்றுக்கும் இடம் விட்டு எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு ஷெட் உரிமையாளரின் மகன்,
கோவை.