ட்ரூபடோர் பாட்டுப் பாடமாட்டாள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் ‘ஃபயர் எம்பளம்’ என்ற, சதுரங்கம் போல முறை வைத்துக் கட்டங்களில் வீரர்களை நகர்த்தும் போர் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி வந்த கட்டுரையில், ட்ரூபடோர் என்றால் ‘குதிரையில் வந்து பாடி வீரர்களுக்கு ஊக்கம் தரும் பாடகி’ என்று போட்டிருந்தீர்கள். அகராதியைப் புரட்டி எழுதியது போலத் தெரிகிறது. 12-ம் நூற்றாண்டில் தென் பிரான்ஸில் பாட்டுக் கட்டிப் பாடியவர்களுக்கு அந்தப் பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் இந்த விளையாட்டில் அவள் ஒரு வரிகூடப் பாடமாட்டாள். கையில் மந்திரக் கோலோடு குதிரையில் வந்து காயம்பட்டவரைத் தேற்றுவாள். 2003-ல் வந்த ‘த பிளேசிங் பிளேடு’ பாகத்தில் பாட்டு வேலைக்கு நில்ஸ் என்று தனியாக ஒரு பையனே இருக்கிறான். அவன் குழல் ஊதினால், தன் முறையை முடித்தவர் இன்னொரு தடவை நகரலாம்.

நான் 31 ஆண்டுகள் செவிலியராக இருந்தவள், பெரும்பாலும் விபத்துப் பிரிவில். மகன் கல்லூரிக் காலத்தில் வாங்கிய கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி அலமாரியில் சும்மா கிடந்தது. ஓய்வு பெற்றபின் அதில்தான் இதைப் பழகினேன். பிரிசில்லா என்ற ட்ரூபடோர் வந்ததும் எனக்குக் கை சுறுசுறுப்பாகிவிட்டது.

நடந்து வரும் மருத்துவப் பெண் ஒரு முறைக்கு 5 கட்டம் போவாள் என்றால், பிரிசில்லா 7 கட்டம் போவாள். ஆனால் சாதாரணக் கோலால் பக்கத்துக் கட்டத்தில் நிற்பவரைத்தான் குணப்படுத்த முடியும். குணப்படுத்தியதும் அவள் முறை முடிந்துவிடும், அங்கேயே நின்றாக வேண்டும். பதவி உயர்ந்து வால்கிரி என்ற மேல்நிலைக்கு வரும்வரை திருப்பி அடிக்கவும் வழியில்லை. ஆக, காயம்பட்டவனை அடித்த எதிரிக்கு அடுத்த இரை அவள்தான். இதில் செத்தவர்கள் திரும்ப வரமாட்டார்கள். அவளை இழந்து மூன்று தடவை அந்த அத்தியாயத்தை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

இன்னொரு வழியும் உண்டு, அதைத்தான் உங்கள் கட்டுரை தொடவே இல்லை. கோலை எடுக்காமல், காயம்பட்டவனைக் குதிரையில் ஏற்றிக்கொண்டால் மிச்சமுள்ள கட்டங்களில் பின்வாங்கலாம். 4 கட்டம் போய் ஏற்றினால், 3 கட்டம் திரும்பி வரலாம். அவன் காயம் ஆறாது, உயிர் இருக்கும். ஆளைச் சுமக்கும்போது அடியிலிருந்து விலகும் அவள் வேகம் பாதியாகக் குறைவதால் அடி வாங்கும் ஆபத்து கூடும். விழுந்த இடத்திலேயே சிகிச்சையா, தூக்கிக்கொண்டு ஓடுவதா? ஆம்புலன்ஸில் ஆள் வந்து இறங்கும் ஒவ்வொரு இரவும் நாங்கள் பேசிய பேச்சு இது. இதை ஒரு ஜப்பானிய விளையாட்டில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

1996-ல் வந்த ‘ஜீனியாலஜி ஆஃப் த ஹோலி வார்’ பாகத்தில் எத்லின் என்ற ட்ரூபடோர் வாளும் பிடிப்பாள். அப்படியும் பாலைவனத்தில், குதிரைகள் மணலில் தடுமாறும் இடத்தில், கணவனோடு சேர்ந்து மடிகிறாள். 2015-ல் ‘ஃபேட்ஸ்’ வரும்வரை இந்த வேலை பெண்களுக்கு மட்டும்தான் என்பதைப் படித்தபோது சிரித்துக்கொண்டேன். எங்கள் வார்டில் ஆண் செவிலியர் சேர்ந்த முதல் நாளில் நோயாளிகள் அவரை ‘டாக்டர்’ என்றே கூப்பிட்டார்கள்.

தமிழில் என்ன பெயர் வைப்பது என்று வீட்டில் பேசினோம். என் வீட்டுக்காரர் தமிழாசிரியர். புண்பட்ட வீரனுக்கு யாழ் மீட்டிக் காஞ்சிப் பண் பாடிக் காத்தது புறநானூற்றிலேயே உண்டு, பாடகி என்றால் என்ன தப்பு என்று உங்கள் பக்கம் பேசினார். சரி, ஆனால் இவள் கையில் யாழ் இல்லையே. ‘குதிரை மருத்துவர்’ என்று போட்டால் குதிரைக்கு ஊசி போடுபவர் ஆகிவிடும். அதனால் ட்ரூபடோர் என்றே விட்டுவிட்டு, குணப்படுத்துபவள் என்று பக்கத்தில் ஒரு வார்த்தை சேர்த்து அடுத்த வாரம் திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
நாகர்கோவில்