விலகுவது வெட்டா, அச்சா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டிலிருந்தே ஸ்டிக்கர், கேக் டாப்பர், ரிட்டர்ன் கிஃப்ட் அட்டை செய்து விற்கும் பெண்களைப் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். முதலீட்டுக் கணக்கும் ஆர்டர் பிடிக்கும் வழிகளும் நன்றாக இருந்தன. ஆனால் அச்சடித்த படத்தைச் சுற்றி வெட்டித் தரும் கட்டிங் மெஷின் பற்றிய பெட்டிச் செய்தியில் இருந்த ஒரு வரியை அப்படியே விட மனம் வரவில்லை. அச்சடித்த படத்தை விட்டு வெட்டு விலகினால் மறுபடி கேலிப்ரேஷன், அதாவது மெஷினை நேர்செய்யும் சோதனை, செய்தால் போதும் என்கிறது அந்த வரி. மெஷின் விற்கிற கடைகளிலும் இதையேதான் சொல்கிறார்கள். அதனால் புதிதாக இறங்குகிறவர்கள் தாளும் மையும் தீரும்வரை கேலிப்ரேஷனையே திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறார்கள்.

கேலிப்ரேஷன் என்ன செய்கிறது என்று தெரிந்தால் இந்த வீண் வேலை பாதி குறையும். மெஷினின் தலைப்பகுதியில், படத்தோடு சேர்ந்து அச்சாகும் அடையாளக் குறியைப் பார்க்கும் சென்சார் ஓர் இடத்திலும் பிளேடு சற்றுத் தள்ளி வேறு இடத்திலும் இருக்கின்றன. இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை மெஷின் நினைவில் வைத்திருக்கிறது. அந்தத் தூரம் மெஷினுக்கு மெஷின் துளி மாறும். கேலிப்ரேஷன் திருத்துவது அடிப்படையில் அதை மட்டும்தான்: பக்கவாட்டில் எவ்வளவு, மேல் கீழாக எவ்வளவு. கிரிகட் நிறுவன மெஷினில் இதற்கென்றே ஒரு தாள் அச்சாகிறது. மெஷின் முதலில் நடுவில் உள்ள சிறு சதுரத்தைச் சுற்றி வெட்டிக் காட்டும். சரியில்லை என்றால், எண்ணும் எழுத்தும் இட்ட கோடுகளில் எதன் மேல் வெட்டு மிகச் சரியாக விழுந்திருக்கிறது என்று நாம் பார்த்துச் சொல்ல வேண்டும். தாளை ஒட்டி உள்ளே விடும் பசைப் பலகையான மேட்டை வெளியே எடுக்காமல் பார்ப்பது முக்கியம்.

ஆகவே எல்லா ஸ்டிக்கரிலும் வெட்டு ஒரே பக்கமாக, ஒரே அளவு தள்ளியிருந்தால் கேலிப்ரேஷன் செய்யலாம், சரியாகிவிடும். தாளின் ஒரு முனையில் ஒழுங்காக இருந்து மறுமுனைக்குப் போகப் போக விலகல் கூடினால் அது அளவுக் கோளாறு. தாளுக்குத் தாள் விலகல் மாறினால் ஏதோ வழுக்குகிறது. வட்டத்தின் தொடக்கமும் முடிவும் ஒன்று சேரவில்லை என்றால் எங்கோ ஆட்டம் இருக்கிறது. இந்த மூன்றையும் கேலிப்ரேஷன் தொடாது. அதைவிட மோசம், அளவு தவறி அச்சான தாளை வைத்து கேலிப்ரேஷன் செய்தால் தவறான எண்கள் மெஷினுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அப்புறம் ஒழுங்காக அச்சான தாளும் விலகித்தான் வெட்டுப்படும்.

நம் ஊரில் அளவுக் கோளாறுதான் அதிகம், அதற்குக் காரணமும் உண்டு. இந்த மெஷின்களில் பல அமெரிக்கச் சந்தையை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை. மென்பொருளில் முதலில் வந்து நிற்பது பெரும்பாலும் லெட்டர் அளவுத் தாள், அதாவது 216 மி.மீ. அகலம், 279 மி.மீ. உயரம். நாம் பிரிண்டரில் வைப்பது 210-க்கு 297 உள்ள ஏ4. லெட்டர் பக்கத்தை ஏ4 தாளில் 'ஃபிட் டு பேஜ்' என்று அச்சிட்டால் படம் ஏறக்குறைய 97 சதவீதமாகச் சுருங்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 20 சென்டிமீட்டர் நீளத்தில் அது அரை சென்டிமீட்டருக்கு மேல் தவறு. சில சமயம் மெஷின் குறியையே கண்டுபிடிக்காமல் நின்றுவிடும். அது அதிர்ஷ்டம் என்றுதான் சொல்வேன், ஸ்டிக்கர் தாளாவது மிஞ்சும்.

சொந்தமாக பிரிண்டர் இல்லாதவர்கள் பிடிஎஃப் எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்குப் போகிறார்கள். அங்கே இருப்பவர் பழக்கத்தில் 'ஃபிட்' என்பதைத்தான் அழுத்துவார். ஓரம் வெட்டுப்படாமல் வர வேண்டும் என்ற நல்லெண்ணம்தான். அண்ணா, 'ஆக்சுவல் சைஸ்' வையுங்கள், 100 சதவீதம் இருக்க வேண்டும் என்று நாம் சொல்லித்தான் ஆக வேண்டும். அதோடு, டிசைனின் ஓரத்தில் 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று குறுக்காகவும் ஒன்று நெடுக்காகவும் போட்டு வையுங்கள். தாள் கைக்கு வந்ததும் பிள்ளைகளின் ஸ்கேலை வைத்து அளக்கலாம். இரண்டும் 97 மில்லிமீட்டர் காட்டினால் மெஷின் பக்கமே போக வேண்டாம். ஒன்று சரியாக இருந்து இன்னொன்று மட்டும் குறைந்தால், பிரிண்டர் தாளை இழுக்கும் விதத்தில் கோளாறு இருக்கலாம். இங்க்ஜெட்டில் மை நிறைய விழுந்த தாள் ஈரத்தில் லேசாக விரிந்து அலை அலையாக நிற்கும். காயவிட்டு மேட்டில் ஒட்டுவது நல்லது, மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

குறியையே படிக்க மாட்டேன் என்று மெஷின் அடம்பிடிப்பது தனிப் பிரச்சினை. சில்ஹவுட் கேமியோ போன்ற மெஷின்களில் ஒரு மூலையில் கறுப்புச் சதுரமும் வேறு மூலைகளில் எல் வடிவக் கோடுகளும் இருக்கும். கிரிகட்டில் படத்தைச் சுற்றி கறுப்புக் குறி வரும். எதுவானாலும் சென்சார் தேடுவது வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள வித்தியாசத்தை. பளபளக்கும் ஃபோட்டோ ஸ்டிக்கர், லேமினேஷன் ஃபிலிம், மினுக்கும் டோனர் எல்லாம் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து அதைக் குழப்பும். ஜன்னல் வெயில் நேராக விழுந்தாலும் அப்படித்தான். லேமினேஷன் ஒட்டும்போது குறிகள் உள்ள மூலைகளை மட்டும் விட்டுவிட்டு ஒட்டலாம். அல்லது குறியின் மேல் பளபளப்பில்லாத, பால் போல மங்கலான டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டலாம். மெஷினின் முகத்தை ஜன்னலிலிருந்து திருப்பி வைப்பதற்குச் செலவே இல்லை. மங்கலான குறியைக் கறுப்பு மார்க்கரால் தடிமனாக்கச் சொல்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை, கை அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் வெட்டும் அரை மில்லிமீட்டர் நகரும். மறுபடி அச்சிடுவதே மேல்.

தாளுக்குத் தாள் மாறும் விலகலுக்கு முதலில் மேட்டைப் பாருங்கள். பசை போய்விட்டால் பிளேடு இழுக்கிற இழுப்பில் தாள் நகரும். வெதுவெதுப்பான நீரும் கொஞ்சம் பாத்திரம் கழுவும் சோப்பும் போட்டு மெதுவாகக் கழுவி, நிழலில் உலர்த்தினால் சாதாரண மேட்டுகளில் பெரும்பாலும் ஒட்டும் தன்மை ஓரளவு திரும்பும். துணி வெட்டும் மேட்டை மட்டும் கழுவ வேண்டாம். மேட்டை உள்ளே விடும்போது இரு பக்கமும் வழிகாட்டிகளுக்குள் நேராகப் போகிறதா, உருளைகளில் தூசியோ ஸ்டிக்கர் துணுக்கோ ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

இதற்கெல்லாம் மேலே நான் நம்புவது பேனா சோதனையை. பிளேடு வேண்டாம், பிரிண்டரும் வேண்டாம். மெஷினில் பேனாவை மாட்டி, சாதாரண வெள்ளைத் தாளில் ஒரு சதுரமும் ஒரு வட்டமும் வரைய விடுங்கள். மேட்டை வெளியே எடுக்காமல் அதையே மறுபடி வரையச் சொல்லுங்கள். இரண்டாவது கோடு முதல் கோட்டின் மேலேயே விழுந்து, வட்டமும் மூடினால், மெஷினின் ஓட்டத்தில் பெரிய குறை இல்லை. பிழையை அச்சிலோ சென்சாரிலோ தேடலாம். கோடு இரட்டையாகத் தெரிந்தால் பேனா ஆடுகிறது, கிளாம்ப் சரியாக மூடவில்லை, மேட் வழுக்குகிறது, அல்லது உள்ளே பெல்ட் தளர்ந்திருக்கிறது. முதல் மூன்றையும் நாமே பார்க்கலாம். பெல்ட் என்றால் வாரண்டி இருக்கும்போது திருகைத் தொடாதீர்கள்.

மூலைகள் மட்டும் உருண்டு வந்தாலோ வால் முளைத்தாலோ அது பிளேடு சமாசாரம். இந்தப் பிளேடின் நுனி, அது சுழலும் மையத்துக்கு நேர் கீழே இருக்காது. தோராயமாகக் கால் மில்லிமீட்டர் பின்தங்கி, தள்ளுவண்டியின் முன்சக்கரம் போலத் திரும்பித் திரும்பி ஓடும். அந்தத் தூரத்தைக் கணக்கில் வைத்துத்தான் மெஷின் மூலையைத் திருப்புகிறது. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிற 'கம்பாட்டிபிள்' பிளேடில் அது வேறாக இருந்தால் ஹாஃப் கட் (அடித்தாளை விட்டு ஸ்டிக்கரை மட்டும் வெட்டுவது) எவ்வளவு நன்றாக விழுந்தாலும் மூலை கெடும். பிளேடை மாட்டும் கூட்டுக்குள் சிக்கிய சிறு வினைல் துணுக்கு பிளேடைத் திரும்பவிடாமல் செய்தாலும் இதே கதை. கழற்றி, தூசி தட்டி மாட்டுங்கள்.

இன்னொன்றையும் உங்கள் வாசகர்களுக்குச் சொல்லலாம். எல்லாம் சரியாக இருந்தாலும் சிறு விலகல் இருக்கவே செய்யும். பெரிய அச்சகங்களிலேயே வெட்டுக்கோட்டைத் தாண்டி வழக்கமாக 3 மி.மீ. வண்ணத்தை நீட்டி அச்சிடுகிறார்கள், ப்ளீட் என்பார்கள். வீட்டு மெஷினில் மட்டும் மயிரிழை பிசகக் கூடாது என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கிரிகட் மென்பொருளில் ப்ளீட் ஒரு டிக் அடிக்கும் வேலைதான். மற்றவற்றில் டிசைனின் ஓரத்தை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வெளியே இழுத்து வரைந்தால் போதும். வெள்ளை ஓரம் தெரியாது, வாடிக்கையாளரும் முகம் சுளிக்க மாட்டார்.

தொடர் கட்டுரை வரும் என்று போட்டிருக்கிறீர்கள். பழைய மெஷின் வாங்குவது பற்றி அதில் எழுதினால் பலருக்கு உதவும். புது மெஷின் விலை கட்டுப்படியாகாமல் கைமாறி வருவதை வாங்குகிறவர்கள் நிறைய. விற்பவர் ஏற்கெனவே வெட்டி வைத்திருக்கும் அழகான மாதிரிகளைக் காட்டுவார். ஒரு பேனாவையும் இரண்டு வெள்ளைத் தாளையும் கையோடு கொண்டுபோய், பணம் கொடுக்கும் முன் அங்கேயே வட்டம் வரையச் சொல்லிப் பார்க்கும்படி எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மதுரை.